காத்திருப்பின் இடமாற்றம்: இணைய முன்முனைக் கருவிகளின் வரலாறும் செயல்திறன் சிக்கல்களும் (1995–2025)

ஆய்வுச் சுருக்கம்

இணையப் பக்கத்தில் பயனரின் உலாவிக்குள் இயங்கும் பகுதியை உருவாக்கும் பணி ஃபிரண்ட்எண்ட் எனவும் முன்முனை உருவாக்கம் எனவும் வழங்கப்படுகிறது. 1995இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழி தோன்றியது முதல் 2025 வரையிலான முப்பது ஆண்டுகளில் இத்துறையின் கருவிகள் பலமுறை மாறியுள்ளன. இம்மாற்றங்களைப் புதுமை மோகம் என்றோ இடையறாத முன்னேற்றம் என்றோ விளக்குவது வழக்கம். இவ்விரு விளக்கங்களும் போதா என்னும் கருதுகோளுடன், காத்திருப்பு என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு இக்கட்டுரை இவ்வரலாற்றை அணுகுகிறது. பெரும்பாலான கருவிகள் ஓரிடத்துக் காத்திருப்பைக் குறைத்தபோது வேறோரிடத்தில் அதனைக் கூட்டின என்பதும், குறை கேட்கப்படும் இடத்திலேயே புதிய கருவிகள் விரைந்து பிறந்தன என்பதும் இவ்வாய்வின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: ஜாவாஸ்கிரிப்ட், முன்முனை உருவாக்கம், பண்ட்லர், நிரற்பொதி, செயல்திறன், காத்திருப்பு, தமிழ் ஒருங்குறி

1. முன்னுரை

கணினி வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எந்த மொழி எப்போது வந்தது, எந்த நிறுவனம் எதை வெளியிட்டது என்னும் நிரலே அதில் முதன்மை பெறுகிறது. ஆனால், ஒரு கருவி வந்தபின் யாருடைய வேலை குறைந்தது, யாருடைய வேலை கூடியது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. இணையத்தின் முன்முனையைப் பொறுத்தவரை இவ்வினா இன்றியமையாதது. ஏனெனில், இங்கு நிரலை எழுதுபவர் ஓரிடத்திலும் அதனை இயக்கும் கருவி வேறோரிடத்திலும் இருக்கின்றன. எழுதுபவரிடம் விரைவான மடிக்கணினியும் அறுபடாத இணைப்பும் உண்டு. இயக்குபவரிடம் விலை குறைந்த கைபேசியும் தடைபடும் இணைப்பும் இருக்கக்கூடும்.

இக்கட்டுரை காத்திருப்பை மூன்றாகப் பகுத்துக்கொள்கிறது. கோப்புகள் வந்துசேரும்வரை பயனர் காத்திருப்பது வலைப்பின்னல் காத்திருப்பு. வந்த நிரலைக் கைபேசி இயக்கி முடிக்கும்வரை அவர் காத்திருப்பது கணிப்புக் காத்திருப்பு. தாம் எழுதிய மாற்றத்தைத் திரையில் காணும்வரை நிரலாளர் காத்திருப்பது ஆக்கக் காத்திருப்பு. இம்மூன்றும் ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவே இவ்வாய்வின் பொருள்.

2. ஆவணம் செயலியாக மாறுதல் (1995–2005)

ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வடிவமைத்த உலகளாவிய வலை ஆவணங்களுக்கானது. சேவையகம் ஒரு பக்கத்தை அனுப்பும். உலாவி அதனைக் காட்டும். இந்நிலையை மாற்றிய முதல் நிகழ்வு 1995ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்தது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக், பத்தே நாள்களில் ஒரு மொழியின் முதல் வடிவத்தை ஆக்கினார். அதுவே அவ்வாண்டு டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் பெயருடன் அறிவிக்கப்பட்டது. படிவங்களைச் சரிபார்த்தல், படங்களை மாற்றிக்காட்டுதல் போன்ற சிறுபணிகளுக்காகவே அம்மொழி கருதப்பட்டது. ஒரு பெரிய நிரலைப் பல கோப்புகளாகப் பிரித்து எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றை அழைக்கும் வழிமுறை அதில் அப்போது இல்லை. இக்குறையே பிற்காலக் கருவிகள் பலவற்றின் தோற்றுவாய் எனலாம்.

1999இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் 5ஆம் பதிப்பில், பக்கத்தை மீண்டும் ஏற்றாமலேயே சேவையகத்திடம் தரவு கேட்கும் வசதி சேர்ந்தது. 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் மேப்ஸும் இத்தகைய வசதியைப் பெருமளவில் பயன்படுத்திக் காட்டின. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் எழுதிய கட்டுரை இம்முறைக்கு அஜாக்ஸ் என்று பெயரிட்டது. ஒவ்வொரு சொடுக்கிற்கும் முழுப் பக்கம் வந்துசேரக் காத்திருக்கும் நிலை இதனால் நீங்கியது. அதற்கு ஈடாக, முதன்முறை பக்கம் திறக்கும்போதே கூடுதலான ஜாவாஸ்கிரிப்ட் வந்தாக வேண்டியதாயிற்று. இடைவழிகளில் பரவியிருந்த காத்திருப்பு இவ்வாறு வாசலுக்கு வந்தது.

3. வலைப்பின்னல் காத்திருப்பும் தொகுத்தலின் தோற்றமும் (2004–2009)

எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறையின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பு, ஓர் உலாவி ஒரு சேவையகத்துடன் ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளுக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது என்று பரிந்துரைத்தது. ஒரு பக்கத்தில் முப்பது சிறு கோப்புகள் இருந்தால், அவை இரண்டு வரிசைகளில் ஒன்றன்பின் ஒன்றாகவே வர இயலும். கோப்பின் அளவைவிடக் கோப்புகளின் எண்ணிக்கையே தாமதத்தை மிகுவித்தது.

இதற்குத் தீர்வாகப் பல சிறு படங்களை ஒரே படமாக இணைத்து, வேண்டிய பகுதியை மட்டும் காட்டும் உத்தி எழுந்தது. 2004இல் டேவ் ஷே இதனை ஸ்பிரைட் என்னும் பெயரில் விளக்கி எழுதினார். யாகூ நிறுவனத்தின் ஸ்டீவ் சௌடர்ஸ் 2007இல் வெளியிட்ட நூல், விரைவான வலைத்தளங்களுக்கு 14 விதிகளை வகுத்தது. பயனர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 விழுக்காடு முன்முனையிலேயே கழிகிறது என்பது அவரது அடிப்படைக் கண்டறிதல். அதுவரை தரவுத்தளத்தையும் சேவையகத்தையுமே விரைவுபடுத்த முயன்ற பொறியாளர்களின் கவனத்தை அது உலாவியின் பக்கம் திருப்பியது.

கோரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதே அவ்விதிகளுள் முதலாவது. இதன்படி ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் ஒன்றாக்கப்பட்டன. வெற்றிடங்களும் குறிப்புரைகளும் நீக்கிச் சுருக்கப்பட்டன. எழுதும் நிரலும் அனுப்பும் நிரலும் வேறுவேறு என்னும் நிலை இவ்வாறு தோன்றியது. அவற்றுக்கிடையே பில்ட் எனப்படும் ஆயத்தப்படி ஒன்று நுழைந்தது. அதுவரை கோப்பைச் சேமித்து, உலாவியைப் புதுப்பித்தவுடன் மாற்றத்தைக் கண்ட நிரலாளர் இனிக் காத்திருக்க வேண்டியவரானார். பயனரின் வலைப்பின்னல் காத்திருப்பில் ஒரு பகுதி நிரலாளரின் ஆக்கக் காத்திருப்பாக மாறியதற்கு இது தெளிவான சான்று.

4. நோடும் நிரற்பொதிகளும் (2009–2015)

2008 செப்டம்பரில் குரோம் உலாவியுடன் வெளிவந்த வி8 இயந்திரம் ஜாவாஸ்கிரிப்ட்டின் வேகத்தைப் பெரிதும் உயர்த்தியது. அவ்வியந்திரத்தை உலாவிக்கு வெளியே கொணர்ந்து, 2009இல் ரையன் டால் நோட் என்னும் இயக்குதளத்தை உருவாக்கினார். 2010இல் ஐசக் ஷ்லூட்டர் வெளியிட்ட என்பிஎம், பிறர் எழுதிய நிரற்பொதிகளை ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ள வழிசெய்தது. சேவையகத்திற்காகப் பிறந்த இவ்விரண்டும் முன்முனையின் பட்டறையாகவே மாறின.

நோடின் பொதிகளை உலாவி நேரடியாகப் படிக்க இயலாது. ஒரு கோப்பு எவ்வெக் கோப்புகளை அழைக்கிறது, அவை மேலும் எவற்றை அழைக்கின்றன என்று தடம்பிடித்து, முழு வரைபடத்தையும் ஒரு சில கோப்புகளாக ஒட்டித்தரும் கருவி வேண்டியிருந்தது. இதுவே பண்ட்லர். 2011இல் பிரவுசரிஃபையும், 2012இல் டோபியஸ் காப்பர்ஸ் தொடங்கிய வெப்பேக்கும் இப்பணியைச் செய்தன. 2013இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட், உலாவிக்குத் தெரியாத ஒரு கலப்பு எழுத்துமுறையைப் பரப்பியது. 2015 ஜூனில் மொழியின் புதிய தரம் ஏற்கப்பட்டபோது, பழைய உலாவிகளுக்காகப் புதிய நிரலைப் பழைய நடைக்குப் பெயர்த்துத்தரும் பேபல் பரவலாயிற்று.

இக்கருவிகளை வீண்சுமை என ஒதுக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அதுவரை நிரலாளர்கள் கைவேலையாகச் செய்த பணிகளை இவை ஏற்றன. பெருங்குழுக்கள் ஒரே நிரலில் இணைந்து உழைக்க வழிசெய்தன. ஆயினும், ஒரு பொதியைச் சேர்ப்பது நிரலாளருக்கு ஒரு வரிக் கட்டளையாக இருந்தபோது, அதனைப் பதிவிறக்கி இயக்குவது பயனருக்கு ஒவ்வொரு முறையும் நேரும் செலவாயிற்று. அச்செலவு நிரலாளரின் திரையில் தோன்றுவதில்லை.

5. சார்பின் விலை (2016–2018)

2016 மார்ச் 22 அன்று லெஃப்ட்-பேட் என்னும் பொதி என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டது. ஒரு சொற்றொடரின் இடப்புறத்தில் வேண்டிய அளவுக்கு எழுத்துகளை நிரப்புவதே அதன் பணி. நிரல் 11 வரிகளே. வேறொரு பொதியின் பெயர் குறித்த பூசலில், அதன் ஆசிரியர் தம் பொதிகள் அனைத்தையும் திரும்பப் பெற்றார். பேபல் உள்ளிட்ட பல கருவிகள் மறைமுகமாக அந்த 11 வரிகளைச் சார்ந்திருந்ததால், உலகெங்கும் பல நிறுவனங்களின் ஆயத்தப்படிகள் தடைபட்டன. சில மணிநேரத்தில் அப்பொதி மீட்கப்பட்டது; பொதிகளைத் திரும்பப் பெறும் விதிகள் பின்னர்க் கடுமையாக்கப்பட்டன.

இந்நிகழ்வை நிரலாளர்களின் சோம்பலுக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். மொழியின் வரலாறு வேறொரு காரணத்தையும் தருகிறது. பிற மொழிகளில் உள்ளமைந்த சிறுபணிகள் பல ஜாவாஸ்கிரிப்ட்டில் இல்லை. இடப்புறம் நிரப்பும் செயற்கூறு 2017ஆம் ஆண்டுத் தரத்தில்தான் மொழிக்குள் இடம்பெற்றது. மொழி விட்டுவைத்த இடைவெளிகளைப் பொதிகள் நிரப்பின என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

2018 நவம்பரில் வெளிப்பட்ட ஈவென்ட்-ஸ்ட்ரீம் நிகழ்வு இதனினும் கடுமையானது. பராமரிப்புப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட ஒருவர், குறிப்பிட்ட மின்பணப்பை ஒன்றிலிருந்து திருடும் நிரலை அப்பொதி வழியே நுழைத்திருந்தார். ஆக்க நேரத்தை மிச்சப்படுத்திய சார்புமுறை நம்பிக்கையின் சுமையாக மாறியதை இவ்விரு நிகழ்வுகளாலும் அறியமுடிகிறது.

6. கணிப்புக் காத்திருப்பு: கைபேசியின் பங்கு (2015–2017)

ஒரே அளவுடைய படக் கோப்பும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பும் பயனருக்கு ஒரே செலவைத் தருவதில்லை. படம் வந்தபின் விரித்துக் காட்டப்படுவதோடு பணி முடிகிறது. நிரலோ படிக்கப்பட்டு, இயந்திர வடிவுக்கு மாற்றப்பட்டு, இயக்கப்பட வேண்டும். இவற்றுள் இயக்கும் பணி, தொடுதலுக்கு விடையளிக்கும் அதே முதன்மை இழையில் நடைபெறுகிறது. அது முடியும்வரை பயனரின் தொடுதல் வரிசையில் நிற்கும். சேவையகத்திலேயே பக்கத்தை ஆயத்தம்செய்து அனுப்பும் முறையிலும் இச்சிக்கல் முழுதும் தீர்வதில்லை. பக்கம் விரைவில் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நிரல் இணைந்து உயிர்பெறும்வரை பொத்தான்கள் இயங்குவதில்லை.

2017இல் குரோம் குழுவைச் சேர்ந்த அலெக்ஸ் ரஸ்ஸல் இதற்கு ஒரு வரவுசெலவுக் கணக்கை முன்வைத்தார். ஏறத்தாழ 200 டாலர் விலையுள்ள ஆண்ட்ராய்டு கைபேசி, நொடிக்கு 400 கிலோபிட் இணைப்பு, 400 மில்லிநொடிச் சுற்றுத்தாமதம் ஆகியவற்றை அவர் அடிப்படையாகக் கொண்டார். ஐந்து நொடிகளுக்குள் பக்கம் பயன்பாட்டுக்கு வரவேண்டுமெனில், சுருக்கிய நிலையில் 130 முதல் 170 கிலோபைட் வரையே முதற்கட்டத்தில் அனுப்ப இயலும் என்பது அவர் கண்ட விடை. அதில் ஜாவாஸ்கிரிப்ட்டின் பங்கு கூடுந்தோறும் வரம்பு மேலும் குறுகும்.

இந்தியாவில் இவ்வரம்பு வணிகச் சிக்கலாகவே எதிர்கொள்ளப்பட்டது. பெங்களூருவின் ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2015இல் தன் கைபேசி வலைத்தளத்தைக் கைவிட்டு, செயலியை மட்டும் நம்பியது. அதே ஆண்டு நவம்பரில், மெதுவான இணைப்பையும் கருத்தில்கொண்டு உருவாக்கிய ஃபிளிப்கார்ட் லைட் வழியாக இணையத்திற்குத் திரும்பியது. பயனரின் காத்திருப்பு விற்பனை இழப்பாகக் கணக்கில் ஏறும் இடங்களில் அதற்கான முயற்சியும் உடன் எழுந்தது என்பது இதனால் புலனாகிறது.

7. தமிழ்ப் பக்கத்தின் எடை: ஒரு கணக்கு

தமிழ் உரை இணையத்தில் கனமானது என்னும் கருத்து நெடுநாளாக உண்டு. திஸ்கி போன்ற 8 பிட் குறியேற்றங்களில் ஒரு குறிக்கு ஒரு பைட் போதும். ஒருங்குறியின் யு.டி.எஃப்.-8 வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து மூன்று, குறிகள் ஐந்து, பைட்டுகள் பதினைந்து.

இக்கனத்தை முற்பகுதியில் கண்ட வரம்போடு ஒப்பிட்டு நோக்கலாம். 2000 சொற்கள் கொண்ட ஒரு தமிழ்க் கட்டுரையில் சொல்லுக்குச் சராசரியாகப் பத்துக் குறிகள் எனக் கொண்டால், குறிகள் 20,000, பைட்டுகள் 60,000. சுருக்காமல் அனுப்பினாலும் இது ஏறத்தாழ 60 கிலோபைட்டே. ரஸ்ஸல் கொண்ட 400 கிலோபிட் இணைப்பில் இதனை அனுப்ப 1.2 நொடி போதும். தமிழ்க் குறிகளின் முதற்பைட்டுகள் திரும்பத்திரும்ப வருவதால், வழக்கமான ஜிசிப் சுருக்கத்தில் இவ்வளவும் பெரிதும் குறையும்.

எனவே, ஒரு தமிழ்க் கட்டுரைப் பக்கம் திறக்கப் பல நொடிகள் ஆகுமானால், அதற்குக் காரணம் தமிழ் அன்று. கட்டுரையைச் சூழ்ந்து வரும் படங்கள், எழுத்துருக் கோப்புகள், விளம்பர நிரல்கள், சட்டக நிரல்கள் ஆகியவற்றிலேயே அதனைத் தேட வேண்டும். மின்னூலகங்களையும் ஆய்விதழ்களையும் வடிவமைப்போர்க்கு இக்கணக்கு நேரடிப் பொருளுடையது. படிப்பதற்கு மட்டுமே உரிய ஒரு பக்கத்தைப் பெரிய சட்டகம் ஒன்றின்மேல் கட்டும்போது, ஆக்குவோர்க்கு வாய்க்கும் எளிமைக்குரிய விலையைத் தொலைவில் உள்ள வாசகரின் கைபேசி செலுத்துகிறது.

8. அளவிடும் அதிகாரம்

கணிப்புக் காத்திருப்பு நெடுநாள் கவனிக்கப்படாமைக்குக் காரணம், அது அளக்கப்படாமையே. தாமதத்தால் வெளியேறும் பயனர் முறையீடு எழுதுவதில்லை, அவர் சென்றுவிடுகிறார். இந்நிலையை மாற்றியது ஒரு தேடுபொறியின் தலையீடு. கூகுள் 2015 அக்டோபரில் அறிவித்த ஆம்ப் என்னும் கட்டுப்பாடுடைய பக்கவடிவம், செய்தித் தளங்களுக்குத் தேடல் முடிவுகளில் தனியிடம் பெற்றுத்தந்தது. 2020 மே மாதத்தில் அந்நிறுவனம் மூன்று அளவைகளை அறிவித்தது. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தோன்றுதல், முதல் தொடுதலின் தாமதம் 100 மில்லிநொடிக்குள் அமைதல், பக்க உறுப்புகள் இடம்பெயராமை என்பன அவை. 2021 ஜூன் முதல் இவை தேடல் தரவரிசையிலும் இடம்பெறத் தொடங்கின. 2024 மார்ச்சில் இரண்டாம் அளவைக்கு மாற்றாக, எல்லாத் தொடுதல்களையும் கருதும் 200 மில்லிநொடி அளவை வந்தது.

இதன் நன்மை வெளிப்படையானது: பயனரின் காத்திருப்பு நிரலாளரின் கணக்கில் ஏறியது. அதே வேளையில், எது நல்ல பக்கம் என்று வரையறுக்கும் பொறுப்பு விளம்பர வருவாயை நம்பியுள்ள ஒரே நிறுவனத்திடம் குவிந்தது என்பதையும் வரலாற்றாய்வு குறித்துக்கொள்ள வேண்டும்.

9. ஆக்கக் காத்திருப்பும் புதிய தலைமுறைக் கருவிகளும் (2020–2025)

பல்லாயிரம் கோப்புகள் கொண்ட பணித்திட்டங்களில் பண்ட்லர் தொடங்கவே நிமிடக்கணக்கில் ஆகும் நிலை உருவாகியிருந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே எழுதப்பட்ட கருவிகள் நுண்செயலியின் பல உட்கருக்களை முழுமையாகப் பயன்படுத்த இயலாமை இதற்கு ஒரு காரணம். 2020இல் எவன் வாலஸ் கோ மொழியில் எழுதி வெளியிட்ட இஎஸ்பில்ட், இதே பணியைப் பன்மடங்கு விரைவாகச் செய்தது. அதே ஆண்டில் எவன் யூ வெளியிட்ட வைட், ஆக்க நிலையில் தொகுத்தலையே பெரும்பாலும் தவிர்த்தது. உலாவிகள் கோப்புகளைத் தாமே அழைத்துக்கொள்ளும் திறன் பெற்றிருந்தமையால், கேட்கப்படும் கோப்பை மட்டும் கேட்கும்போது பெயர்த்துத் தருவது போதுமானதாயிற்று. 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட், டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரைக் கோ மொழிக்கு மாற்றுவதாகவும் அது ஏறத்தாழப் பத்து மடங்கு விரைவு தருவதாகவும் அறிவித்தது.

இங்கும் இடமாற்றம் நிகழாமல் இல்லை. வைட் ஆக்க நிலையில் ஒரு கருவியையும் வெளியீட்டு நிலையில் ரோலப் என்னும் வேறொரு கருவியையும் பயன்படுத்தியதால், இரண்டுக்கும் இடையே நடத்தை வேறுபாடுகள் எழுந்தன. அதனைக் களைய ரோல்டவுன் என்னும் மற்றொரு கருவி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. மேலும், ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் அறிந்த நிரலாளர் தம் கருவியைத் தாமே திறந்து திருத்தும் வாய்ப்பு இப்புதிய மொழிகளால் குறைந்துள்ளது.

கருதுகோளுக்கு மாறான சான்றுகளும் உள்ளன. 2015இல் வெளியான எச்.டி.டி.பி. 2, ஒரே இணைப்பில் பல கோப்புகளை அனுப்ப வழிசெய்து, யாருக்கும் பெருஞ்சுமை கூட்டாமல் பயனரின் காத்திருப்பைக் குறைத்தது. 2016இல் ரிச் ஹாரிஸ் வெளியிட்ட ஸ்வெல்ட், உலாவியில் நடந்த பணியின் பெரும்பகுதியை ஆயத்தப்படிக்கே திருப்பியது. 2022இல் முதற்பதிப்புக் கண்ட ஆஸ்ட்ரோ, நிரல் தேவைப்படும் சிறுபகுதிகளுக்கு மட்டும் அதனை அனுப்புகிறது. காத்திருப்பு பயனரின் கைபேசியை நோக்கியே நகர்ந்தாக வேண்டும் என்னும் கட்டாயமில்லை என்பதை இவை காட்டுகின்றன.

10. முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, முன்முனைக் கருவிகளின் தொடர்மாற்றம் காரணமற்றதன்று. ஒவ்வொன்றும் அக்காலத்தின் மெய்யான தடை ஒன்றிலிருந்து பிறந்தது. இரண்டாவதாக, அத்தடைகளை நீக்கிய கருவிகள் பெரும்பாலும் காத்திருப்பை அழிக்கவில்லை. வலைப்பின்னலிலிருந்து ஆயத்தப்படிக்கும், ஆக்குவோரிடமிருந்து பயனரின் கைபேசிக்கும் அதனைக் கைமாற்றின. மூன்றாவதாக, நிரலாளர்கள் தம் காத்திருப்பைத் தாமே உணர்ந்து, தாமே கருவி செய்துகொள்ள வல்லவர்கள். பயனருக்கு அவ்வாய்ப்பு இல்லாமையால், அவர் காத்திருப்பு வணிக இழப்பாகவோ தரவரிசையாகவோ கணக்கில் ஏறும்வரை கருவியாக்கத்தில் உரிய இடம் பெறவில்லை.

நூலகங்கள், பல்கலைக்கழகங்கள், ஆய்விதழ்கள் ஆகியவற்றின் வாசகர்கள் வாங்குபவர்கள் அல்லர். அவர்களின் காத்திருப்பு எந்த விற்பனைக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆகவே, அந்நிறுவனங்கள் ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆக்குவோர்க்கு அது மிச்சப்படுத்தும் நேரத்தோடு, விலை குறைந்த கைபேசியில் அப்பக்கம் திறக்க ஆகும் நேரத்தையும் தாமே அளந்து பார்ப்பது கடமையாகிறது.